அத்தைக்கு ஒரு வீடு

"விடிந்துவிட்டதே! வாசலில் இன்னும் கோலம் போடவில்லையே!"

இரவு இரண்டரை மணிக்கு என் அத்தை இவ்விதம் கூவிக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். நாங்கள் குடியிருப்பது மயிலாப்பூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. அங்கே வாசலும் கிடையாது. கோலம் போட இடமும் கிடையாது. அத்தை தேடிப் போனது கும்பகோணத்து வீட்டின் வாசலை. அந்த வீட்டை விற்று இருபது வருஷம் ஆகிறது.

என் மனைவி பின்னால் ஓடிக் கையைப் பிடித்தாள். யாரோ திருடி என்று எண்ணிய அத்தை பலங்கொண்ட மட்டும் தள்ளினாள். படியில் உருண்டதில் என் மனைவிக்கு மணிக்கட்டு முறிந்தது. மறுநாள் கட்டுப் போட்ட கையுடன் அவள் அத்தைக்குச் சாதம் ஊட்ட முயன்றதைப் பார்த்த என் தமக்கை, இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தையைச் சொன்னாள். "நல்ல இல்லம் ஒன்று பார்த்தால் என்னடா?"

எனக்குச் சுரீர் என்றது. ஐந்து வயதில் தாயை இழந்த என்னை மடியில் போட்டு வளர்த்தவள் அத்தை. அது மட்டுமா? "வளர்த்தவளைக் கொண்டுபோய் எங்கேயோ தள்ளுகிறவனும் ஒரு மனிதனா?" என்று ஊரில் பலரைப் பற்றி நானே தாராளமாகத் தீர்ப்புக் கூறியிருக்கிறேன். பிறர் வீட்டு விஷயத்தில் தீர்ப்புக் கூறுவது எவ்வளவு சுலபம்!

முடிவில், பார்ப்பதில் பாபம் ஒன்றும் இல்லை என்று புறப்பட்டோம். பார்த்த இல்லங்கள் மூன்று. அவற்றில் நாங்கள் கற்றுக்கொண்டது இதே நிலையில் உள்ள நேயர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

மறதியும் வியாதியும்

மறதி யாருக்குத்தான் இல்லை? மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறவர் வியாதிக்காரர் அல்ல. கண்ணாடியைக் கையில் கொடுத்ததும், "இது எதற்கு?" என்று கேட்கிறாரே, அவரைத்தான் வைத்தியரிடம் அழைத்துப் போக வேண்டும்.

1901ம் வருஷத்தில் ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட் நகரத்து ஆஸ்பத்திரிக்கு 51 வயதுள்ள ஒரு மாது அழைத்துவரப்பட்டாள். அவளைக் கவனித்த வைத்தியர் அலாய்ஸ் அல்ஸைமர். 1906ல் அவள் காலமான பிறகு மூளையைச் சோதித்து, தாம் கண்டதை அதே வருஷம் ஒரு வைத்தியர் சபையில் வெளியிட்டார். மூளையின் சக்தி சிறிது சிறிதாகக் குன்றிப் போகும் நிலைக்கு 'டிமென்ஷியா' என்று பெயர். அதற்குக் காரணமான வியாதிகளுள் மிகுதியாகக் காணப்படுவது அவர் பெயரால் வழங்கும் அல்ஸைமர் நோய். இந்த மூளைத் தேய்வை அடியோடு நீக்கும் சிகிச்சை இன்றும் இல்லை.

ஆனால் ஒன்று. மறதி என்று கண்டதும் கைவிட்டுவிடக் கூடாது. தைராய்டு சுரப்பியின் குறை, 'பி-12' என்னும் ஜீவசத்தின் குறை, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு ஆகியவையும் இதே வேஷம் போட்டுக்கொண்டு வருவதுண்டு. இவற்றுக்குப் பரிகாரம் உண்டு. ஆகையால் முதலில் வைத்தியப் பரிசோதனை. இல்லம் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். அத்தைக்கு எல்லாப் பரிசோதனைகளும் செய்து பார்த்தாயிற்று. வந்திருப்பது அல்ஸைமர் நோய்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் வீடு: பளிங்கு மாளிகை

முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு, காலை பதினொரு மணிக்குப் போனோம். தரையெல்லாம் பளிங்கு. மானேஜர் அச்சடித்த புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்து, அறை அறையாக அழைத்துச் சென்றார். தூசி தும்பு இல்லை, துர்நாற்றம் இல்லை. "அத்தைக்குக் கொடுத்து வைத்திருக்கிறது!" என்று எண்ணினேன்.

பெரிய கூடத்தில் பன்னிரண்டு பேர் டெலிவிஷனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவராவது அதைப் பார்க்கவில்லை. ஜன்னல் ஓரத்தில் வெள்ளைப் புடைவை உடுத்திய பாட்டி ஒருத்தி தன் தலைப்பை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். பக்கத்தில் நின்ற பணிப்பெண்ணிடம், "இந்தப் பாட்டியின் பெயர் என்ன?" என்று என் தமக்கை கேட்டாள்.

அந்தப் பெண் சற்று விழித்தாள். பிறகு, "பதினாறாம் நம்பர் ரூம், அம்மா," என்றாள்.

"நாங்கள் இன்னொரு நாள் சாயங்காலம் வந்து பார்க்கலாமா?" என்று மானேஜரைக் கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரையில்தான் பார்வையாளர்களுக்கு அநுமதி என்றார். சொந்த ஜனங்கள் அடிக்கடி வந்தால் நோயாளிகளின் மனம் கலங்குமாம்!

நாங்கள் வெளியே வந்தோம். குறித்த நேரத்துக்குப் போனால் காண்பது கல்யாண வீட்டுப் பந்தல். மறுநாள் பந்தல் பிரித்த பிறகு போய்ப் பார்த்தால்தான் வீட்டின் லட்சணம் தெரியும். உறவினர் எந்த நேரத்தில் வரலாம் என்பதற்கு ஓர் இல்லம் கூறும் பதிலே அதன் யோக்கியதாபத்திரம்.

இரண்டாவது வீடு: அன்பு இருந்தது, ஆள் இல்லை

தாம்பரத்துக்கு அப்பால் ஒரு வாடகை வீட்டில் நடந்த இல்லம் அது. நடத்திய அம்மாள் உத்தமி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதினெட்டுப் பேரையும் பெயர் சொல்லி அழைத்தாள். ரஸத்தின் வாசனை தெரு வரையில் வந்தது.

ஆனால் பதினெட்டுப் பேருக்கும் பகலில் பணிப்பெண்கள் இருவர், இரவில் ஒருத்தி. குளிக்கும் அறைக்குப் போக உயரமான படி. பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி கூட இல்லை. தாழ்வாரத்தில் ஒரு கிழவரை நாற்காலியோடு சேர்த்து இடுப்பில் துப்பட்டியால் கட்டியிருந்தது. "விழுந்துவிடாமல் இருக்கத்தான்," என்றாள் அந்த அம்மாள். மாலை ஆறு மணிக்கு எல்லோருக்கும் ஒரு தூக்க மாத்திரை உண்டு என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

இந்த இரண்டு விஷயங்களையும் நேயர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். 2017ம் வருஷத்து மனநலச் சட்டத்தின்படி மனநோயாளியைத் தனியறையில் அடைத்து வைக்கக் கூடாது. கட்டி வைப்பதும், உடனடியாக நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்னும்போது, பொறுப்பிலுள்ள மனநோய் வைத்தியரின் அநுமதியுடன்தான் செய்யப்படலாம். ஆள் பற்றாக்குறைக்குத் துப்பட்டி பரிகாரம் ஆகாது. மாத்திரை விஷயம் இன்னும் விபரீதமானது. சித்தப்பிரமைக்குக் கொடுக்கும் மருந்துகளில் சிலவற்றை டிமென்ஷியா உள்ள முதியோருக்குக் கொடுத்தால் மரண அபாயம் அதிகரிக்கிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2005ல் எச்சரித்தது. எனவே, 'என்ன மாத்திரை? எழுதிக் கொடுத்தது யார்? கடைசியாக வைத்தியர் வந்து பார்த்தது என்றைக்கு?' என்று மூன்று கேள்விகளையும் கூசாமல் கேளுங்கள்.

விடைபெறும்போது அந்த அம்மாள் என் மனைவியின் கட்டுப் போட்ட கையைத் தடவி, "உனக்கும் ஒருத்தி வேண்டும், அம்மா, பார்த்துக்கொள்ள," என்றாள். அவளிடம் கொடுமை இல்லை. இரண்டு கைகளால் பதினெட்டுப் பேரைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது வீடு

இந்தத் தடவை சொல்லாமல் கொள்ளாமல், சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் போய் நின்றோம். இந்த வியாதி உள்ளவர்களுக்கு அந்திவேளை பொல்லாதது. விளக்கு வைக்கும் நேரத்தில் பலருக்குக் கலக்கம் அதிகமாகும். 'வீட்டுக்குப் போக வேண்டும்' என்று தவிப்பார்கள். எந்த இல்லத்தையும் சோதிக்க அதைவிட நல்ல முகூர்த்தம் கிடையாது.

சுவரில் காரை பெயர்ந்திருந்தது. உள்ளே ஒரே சத்தம். முன்பு ரயில்வேயில் உத்தியோகம் பார்த்த ஒரு பெரியவர், "ஆறு மணி வண்டி வந்துவிடும், நான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்," என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். 'உங்களுக்கு வேலை போய் இருபத்தைந்து வருஷம் ஆயிற்று' என்று யாரும் அவரோடு தர்க்கம் செய்யவில்லை. பணியாள் ஒருவன், "வாருங்கள், ஐயா, போகலாம்," என்று கைகோத்துக் கொண்டான். தோட்டத்தில் ஒரு பாதை. அது எங்கும் முட்டிக்கொள்ளாமல் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறது. இரண்டு சுற்று நடப்பதற்குள் வண்டி போய்விட்டது. பெரியவர் சாந்தமாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

தலைமை நர்ஸிடம் எங்கள் கேள்விகளைத் தொடுத்தோம். பகலில் ஐந்து பேருக்கு ஒருவர், இரவில் எட்டுப் பேருக்கு ஒருவர் என்று கணக்குச் சொன்னாள். மாதந்தோறும் எல்லோரையும் நிறுத்து எடை எழுதிய நோட்டைக் காட்டினாள். பசியையே மறந்துபோகும் வியாதி இது. ஊட்டுகிறார்களா, தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்களா என்பதை அந்த நோட்டு சொல்லிவிடும்.

"இங்கே யாராவது கீழே விழுவதுண்டா?" என்று கேட்டேன்.

"போன மாதம் மூன்று பேர் விழுந்தார்கள்," என்று அதற்கும் ஒரு நோட்டை எடுத்தாள். யார், எங்கே, எத்தனை மணிக்கு, பிறகு என்ன செய்தோம் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. முதல் வீட்டு மானேஜர், "எங்களிடம் ஒருவரும் விழுந்ததே இல்லை" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. நடமாடவிட்டால் சிலர் விழத்தான் விழுவார்கள். ஒருவருமே விழவில்லை என்றால், ஒன்று, அங்கே யாரையும் நடக்க விடுவதில்லை. அல்லது உண்மை பேசுவதில்லை.

அந்த இல்லத்திலும் குறைகள் உண்டு. எங்கள் வீட்டிலிருந்து வெகு தூரம். சமையலில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. பணிப்பெண்களில் பாதிப் பேர் வேறு மாநிலத்தவர். தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வருகிறது. பின்னால் கற்ற பாஷைகள் மறந்து, தாய்பாஷை மட்டும் மிஞ்சி நிற்கும் முதியோருக்கு இது சிறிய குறை அல்ல. அத்தையோடு எப்பொழுதும் தமிழ்ப் பெண் ஒருத்தியாவது இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டோம்.

ஆயினும் எங்கள் மனத்தைத் திருப்பியது வேறொன்று. மற்ற இரண்டு இடங்களிலும் நாங்கள் கேள்வி கேட்டோம். இங்கே அந்த நர்ஸ் எங்களைக் கேட்டாள். "அத்தைக்குக் காபியில் சர்க்கரை எவ்வளவு? எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார்கள்? எதைக் கண்டால் பயம்? கோபம் வந்தால் எந்தப் பேச்சு எடுத்தால் தணியும்? எத்தனை மணிக்கு எழுந்து பழக்கம்?"

கடைசிக் கேள்விக்கு என் மனைவி பதில் சொன்னாள். கோலத்தின் கதையையும் சொன்னாள். நர்ஸ் அதை எழுதிக்கொண்டாள்.

பணமும் காகிதமும்

இல்லத்தின் பதிவுச் சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். எந்தச் சட்டத்தின் கீழ், எந்தத் தேதி வரையில் செல்லும் என்று கவனியுங்கள். முதியோர் இல்லங்களில் பல, தம் காரியத்தைத் தாமே செய்துகொள்ளக் கூடியவர்களை மட்டுமே சேர்த்துக் கொள்கின்றன. வியாதி முற்றிப் படுக்கையில் விழுந்தால் வைத்துக்கொள்வார்களா, 'அழைத்துப் போங்கள்' என்று தந்தி அடிப்பது போல் டெலிபோன் செய்வார்களா என்பதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

மாதக் கட்டணத்தில் எது எது அடங்கும்? மருந்து, வைத்தியர் கட்டணம், இடுப்புத் துணிகள், தனிப் பணிப்பெண், இவையெல்லாம் தனிக் கணக்கா? முன்பணம் எப்பொழுது திரும்பும்? நள்ளிரவில் மூச்சுத் திணறினால் எந்த ஆஸ்பத்திரி, யார் கூடப் போவது? இவை அனைத்தும் எழுத்தில் இருக்கட்டும். முடிந்தால், ஒரு வாரமோ பத்து நாளோ பரீட்சார்த்தமாக வைத்துப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.

வசதி இல்லாதவர்கள்?

மேலே எழுதியதெல்லாம் பணம் கொடுக்கக் கூடியவர்களுக்கு. மற்றவர்கள் கதி? நமது தேசத்தில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது என்று 2023ல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. அதாவது நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல். 2007ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டம், ஜில்லாவுக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும்படி, ஏழை முதியோருக்கு இல்லம் அமைக்க மாகாண அரசாங்கங்களுக்கு வழி கூறுகிறது. ஆனால் இந்த வியாதிக்கு வெறும் கூரையும் சோறும் போதாது. பழகிய கைகள் வேண்டும். 1992ல் கேரளத்தில் தோன்றிய இந்திய அல்ஸைமர் சங்கம் போன்றவை குடும்பத்தாருக்குப் பயிற்சியும் யோசனையும் அளித்து வந்திருக்கின்றன. முதியோருக்காகவே 14567 என்ற இலவச டெலிபோன் உதவியும் ஏற்பட்டிருக்கிறது. தேவைக்கு முன்னால் இவை யானைப் பசிக்குச் சோளப்பொரி. 1947 ஆகஸ்டு 15ந் தேதி தொட்டிலில் கிடந்த குழந்தைகளுக்கு இன்று எண்பதை ஒட்டிய பிராயம். சுதந்திர தேசத்தோடு கூடப் பிறந்தவர்களைத் துப்பட்டியால் கட்டாமல் காப்பாற்றுவது அந்தத் தேசத்துக்கு ஒரு பெரிய காரியமா?

அத்தையின் வாசல்

அத்தை மூன்றாவது இல்லத்துக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. முதல் பத்து நாளும் அழுதாள். நானும் வீட்டுக்கு வந்து அழுதேன். "தினம் வாருங்கள்" என்றார்கள், போனோம். இப்பொழுது வாரத்துக்கு மூன்று நாள் போகிறோம், நேரம் மாற்றி மாற்றி. நம் வீட்டு மனிதருக்கு வருகிறவர்கள் உண்டு என்று இல்லத்தாருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

தினம் அதிகாலையில் ஒரு பெண் கோலப்பொடி டப்பாவுடன் அத்தையை வாசலுக்கு அழைத்துப் போகிறாள். அத்தை வரிசை பிசகாமல் புள்ளி வைக்கிறாள். அப்புறம் எதை எதோடு சேர்ப்பது என்பது மறந்துபோகிறது. அந்தப் பெண் சேர்த்து முடிக்கிறாள். இரவில் கோலத்துக்காக அத்தை எழுந்து ஓடுவது நின்றுவிட்டது.

சென்ற வெள்ளிக்கிழமை நான் போனபோது அத்தை சாப்பாட்டு மேஜையில் இருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறந்தது முதல் என்னை 'டா' போட்டே கூப்பிட்ட அத்தை, அன்று நாற்காலியைக் காட்டி மிகுந்த மரியாதையுடன் கூறினாள்:

"உட்காருங்கள். வெகு தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள் போல் இருக்கிறது. இங்கே சாப்பாட்டில் உப்புக் கொஞ்சம் குறைவு. ஆனால் மனிதர்கள் நல்லவர்கள். இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்."

நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.