குளிர்காலத்தில் படுக்கையறையை குறைந்த செலவில் சூடாக்குவது எப்படி? எந்த ஹீட்டர் ஏற்றது?

புதுடெல்லி: வட மாநிலங்களில் ஜனவரி மாத இரவுகளில் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்குவது உண்டு. ஆனால் டெல்லி, லக்னோ போன்ற நகரங்களில் உள்ள வீடுகள் பெரும்பாலும் கோடை வெயிலை மனத்தில் கொண்டு கட்டப்பட்டவை. கல் தளம், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், தரையோடு பொருந்தாத கதவு ஆகியவற்றால் அறையின் சூடு விரைவில் வெளியேறி விடுகிறது. எனவே மின்சார ஹீட்டர் வாங்கும் முன் இந்த இடைவெளிகளை அடைப்பதே சிக்கனமான முதல் படி. ஜன்னல் விளிம்பில் ஸ்பாஞ்ச் பட்டை, கதவின் அடியில் சுருட்டி வைத்த பழைய போர்வை, தடித்த திரைச்சீலை, தரையில் விரிப்பு ஆகியவை போதும்.

2000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் 2 யூனிட் மின்சாரம் எடுக்கும். 8 மணி நேரம் இடைவிடாமல் இயங்கினால் 16 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் எனக் கொண்டால் ஓர் இரவுக்கு 112 ரூபாய். தெர்மோஸ்டாட் இருந்தால் அறை சூடானதும் ஹீட்டர் தானாக நின்று, செலவு குறையும்.

ஒரே வாட் அளவுள்ள ஹீட்டர்கள், விளம்பரம் எதுவாயினும், ஒரே அளவு வெப்பத்தையே தரும். வெப்பம் பரவும் விதமே வேறு. குவார்ட்ஸ், ஹாலஜன் ஹீட்டர்கள் எதிரே இருப்பவரை உடனே சூடாக்கும். ஆனால் போர்வை பட்டால் தீப்பற்றும் என்பதால் உறங்கும்போது ஏற்றவை அல்ல. ஆயில் ரேடியேட்டர் மெதுவாகச் சூடேறினாலும், கம்பி வெளியே தெரியாததால் படுக்கையறைக்குப் பொருத்தமானது. சூடும் தரும் இன்வெர்ட்டர் ஏசி, வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை உள்ளே கொண்டுவருவதால், 1 யூனிட் மின்சாரத்தில் சுமார் 3 யூனிட் வெப்பம் அளிக்கும். கடுங்குளிரில் இந்தத் திறன் குறையும்.

அறையை விட்டுவிட்டு படுக்கையை மட்டும் சூடாக்குவதே மிகவும் மலிவான வழி. 100 வாட் மின்சாரப் போர்வை இரவு முழுவதும் இயங்கினாலும் 1 யூனிட் கூட ஆகாது. படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு போட்டு, படுத்ததும் அணைத்து விடலாம். கைக்குழந்தைகளுக்கும், நீரிழிவால் கால் உணர்ச்சி குன்றியவர்களுக்கும் இது ஏற்றதல்ல.

ஹீட்டர்களைப் பொறுத்தவரை மின்இணைப்பும் முக்கியம். 2000 வாட் ஹீட்டர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டிலோ சாதாரண எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ செருகினால் ஒயர் உருகக்கூடும். 16 ஆம்பியர் சாக்கெட் அவசியம்.

இடைவெளிகளை அடைத்த அறையில் 'அங்கீட்டி' எனப்படும் கணப்புச் சட்டியை ஒருபோதும் வைக்கக் கூடாது. வட மாநிலங்களில் குளிர்காலந்தோறும் இதனால் உறக்கத்திலேயே உயிரிழப்புகள் நேர்கின்றன. கனன்று சிவந்த கரியில் புகை இல்லாததால் ஆபத்து இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் அப்போதும் கார்பன் மோனாக்சைடு வெளியாகிக் கொண்டுதான் இருக்கும். நிறமோ மணமோ இல்லாத இந்த வாயு, ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். காஷ்மீரின் 'புகாரி' அடுப்பில் வாயுவை வெளியேற்றக் குழாய் உண்டு; அது அடைபட்டால் அதுவும் ஆபத்தே.

தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை முதல் அறிகுறிகள். உடனே அனைவரையும் திறந்தவெளிக்குக் கொண்டு வந்து, 112 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும்.