கூழ் வார்த்தல்

கூழ் வார்த்தல் என்பது ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் கேழ்வரகுக் கூழ் படைத்து, ஊரார் அனைவருக்கும் வழங்கும் வழக்கமாகும். சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர், வேலூர் முதலிய வட மாவட்டங்களில் இது பரவலாக நடைபெறுகிறது.

செய்முறை

முதல் நாள் கேழ்வரகு மாவை நீரில் கரைத்து இரவு முழுவதும் புளிக்க விடுவர். மறுநாள் அரிசி நொய்யைக் குழைய வேகவைத்து, புளித்த மாவை ஊற்றிக் கட்டி விழாமல் கிளறுவர். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதமே வெந்த பதம். ஆறியதும் மோர், உப்பு, நறுக்கிய சின்ன வெங்காயம் சேர்த்துக் கரைப்பர். முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு, மோர் மிளகாய் ஆகியன தொட்டுக்கொள்ள ஏற்றவை.

சமூகப் பயன்

பல ஊர்களில் வீட்டுக்கு வீடு காய்ச்சிய கூழைக் கோயிலில் ஒரே அண்டாவில் ஊற்றுவர். கலந்தபின் எது யார் வீட்டுக் கூழ் என்று பிரித்தறிய இயலாது. ஆடி விதைப்புக் காலம். பழைய தானியம் குறைந்து, புது விளைச்சல் வீடு வந்து சேராத நேரம். அந்நாளில் இல்லாதவரும் கைநீட்டிக் கேட்கும் கூச்சமின்றிப் பசியாற இவ்வழக்கம் வழிசெய்தது.

ஊட்டம்

100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. புளிக்க வைப்பதால் அதனை உடல் எளிதில் ஏற்கிறது.