அரை விநாடியில் ஐந்து சுற்று

வீட்டு மாடியில் சிறிய லேத் ஒன்றை வாங்கி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கையைக் காப்பதற்குத்தானே கையுறை? வெல்டிங்குக்குக் கட்டாயம் என்கிறார்கள், தகடு தூக்கவும் போடச் சொல்கிறார்கள். லேத்தில் மட்டும் போடவே கூடாது என்று எங்கள் பகுதி டர்னர் அதட்டுகிறாரே, ஏன்?"

அதட்டியவர் சொன்னது முழுக்கச் சரி. ஐ.டி.ஐ.யில் முதல் நாளே சொல்லித்தரும் விதி அது. ஆனால் விதியைச் சொல்பவர்கள் அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கைச் சொல்வதில்லை. அந்தக் கணக்கு அழகானது, பயங்கரமானதும்கூட.

முரண்டு பிடிக்கும் மாட்டைக் கட்டுத்தறியில் நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். வெறுங்கையால் கயிற்றைப் பிடித்தால் மாடு ஆளையே இழுத்துக்கொண்டு போகும். அதே கயிற்றைத் தறியில் இரண்டு சுற்று சுற்றி, நுனியை ஒரு சிறுவனிடம் கொடுத்தால் மாடு நின்றுவிடும். இப்போது அந்தத் தறியைச் சுழல விடுங்கள். லேத்தில் தறி என்பது சக்கும் அது கவ்வியிருக்கும் ஜாபும். கயிறு உங்கள் சட்டைக் கை. மாடு இருந்த இடத்தில் உங்கள் தோள். சிறுவனின் வேலையை எண்ணெய்ப் பிசுக்கும், ஜாபின் ஓரத்துப் பிசிறும், சக் தாடையின் மூலையும் பார்த்துக்கொள்கின்றன. தறி சுற்றச் சுற்றக் கயிறு தானாக ஏறும். ஒரு சுற்றின் மேல் இன்னொன்று விழுந்துவிட்டால் சிறுவனே தேவையில்லை. கயிறு தன் நுனியைத் தானே மிதித்துக்கொண்டு நிற்கும்.

இதற்குச் சூத்திரம் எழுதியவர்கள் 18-ஆம் நூற்றாண்டின் லியோன்ஹார்ட் ஆய்லரும், 1808-இல் அதைப் பொறியாளர்களின் பாடநூலுக்குள் கொண்டுவந்த ஜெர்மானியர் ஆய்டெல்வைனும். வரலாறு அவ்வளவு போதும்.

எண்களைப் பார்ப்போம். துணிக்கும் இரும்புக்கும் உராய்வுக் கெழு 0.3 என்று கொள்வோம். ஒரு முழுச் சுற்றில் பிடி ஏறக்குறைய 6.6 மடங்காகிறது. அடுத்த சுற்றில் அதன்மேல் மறுபடியும் 6.6 மடங்கு. நுனியை 10 கிராம் அளவுக்கு ஏதோ ஒன்று பற்றியிருக்கிறது என்றால், முதல் சுற்றில் 66 கிராம். இரண்டாவதில் 430 கிராம். மூன்றாவதில் 3 கிலோவை நெருங்குகிறது. நான்காவதில் 19 கிலோ. ஐந்தாவதில் 120 கிலோவைத் தாண்டிவிடும். நிமிடத்துக்கு 600 சுற்று என்பது லேத்துக்கு நிதானமான வேகம்தான். அந்த வேகத்தில் ஐந்து சுற்று முடிய அரை விநாடி. ஆபத்தைக் கண் பார்த்து, கை அசையத் தொடங்கவே கால் விநாடி அளவுக்குப் போய்விடுகிறது. "சட்டென்று இழுத்துக்கொள்வேன்" என்ற நம்பிக்கை அந்த இடைவெளியில் தோற்றுப்போகிறது.

என்னை உண்மையிலேயே திகைக்க வைப்பது வேறொன்று. இந்தச் சூத்திரத்தில் தறியின் பருமனுக்கு இடமே இல்லை. உராய்வும் எத்தனை சுற்று என்பதும் மட்டுமே பிடியைத் தீர்மானிக்கின்றன. ஆகவே பென்சில் அளவுக் கம்பியும் பெரிய உருளையும் ஒரே மாதிரிதான் பற்றும். இழுவையிலோ மெல்லிய கம்பி இன்னும் கொடியது. 500 வாட் மோட்டார், 600 சுற்று வேகம்: இழப்புகளை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 25 மி.மீ. கம்பியின் விளிம்பில் சுமார் 65 கிலோ எடைக்குச் சமமான இழுவை கிடைக்கும். 10 மி.மீ. கம்பியில் அது 160 கிலோ. 'மினி லேத்', 'வீட்டுக்கு ஏற்றது', 'ஹாபி மாடல்' என்று விற்கிறார்கள். மேசையில் அடங்குகிற இயந்திரம் என்பதைத் தாண்டி அந்தச் சொற்களில் பாதுகாப்பு எதுவும் இல்லை.

'வெட்டுப்படாத கையுறை' என்ற விளம்பரத்தையும் இங்கே கேள்வி கேட்க வேண்டும். ஒற்றைப் பருத்தி நூல் மாட்டினால் அறுந்துபோகும். அந்தப் பலவீனம்தான் நம்மைக் காக்கிறது. கெவ்லார் போன்ற இழைகளில் செய்த கையுறை அறுந்துபோகாது. கத்திக்கு முன்னால் அது நல்ல குணம், சுழலும் சக்குக்கு முன்னால் அதுவே ஆபத்து. விரலோடு சேர்ந்து உள்ளே போகும்.

துணிக்கு உள்ளது தலைமுடிக்கும் உண்டு. 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக வேதியியல் ஆய்வகப் பட்டறையில், இரவில் தனியாக லேத்தில் வேலை செய்த இயற்பியல் மாணவி ஒருவர் முடி சிக்கி இறந்தார். படித்தவர், பட்டறைப் பழக்கம் உள்ளவர். அருகில் நிறுத்து பொத்தானை அழுத்த இன்னொருவர் இல்லை. தோளில் துண்டு, தொங்கும் தாலிச் சங்கிலி, கழுத்து அடையாள அட்டை, முழங்கைக்குக் கீழே பொத்தான் போடாத சட்டை: இவை எல்லாம் ஆய்லரின் கயிறுகள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஓடும் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுபவர் உடலோடு ஒட்டிய உடை அணிய வேண்டும், அதை முதலாளியே தர வேண்டும் என்று எழுதிவைத்தது. வீட்டு மாடிக்கு அந்தச் சட்டம் வராது, கணக்கு வரும்.

எமரி தாளால் மெருகேற்றுவது இன்னொரு பொறி. தாளை ஜாபின் மேல் முக்கால் சுற்று வளைத்து, இரு முனைகளையும் விலக்கிப் பிடித்திருக்கும் வரை வேலை நடக்கும். முனைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்ததும் தாள் கவ்விவிடும். முனையை விரலில் சுற்றியிருந்தால் விரலும் போகும். அதனால் நீளமாக வெட்டிய பட்டையை நுனிவிரல்களால் மட்டும் பிடியுங்கள். காட்டன் வேஸ்டால் ஓடும் ஜாபைத் துடைப்பது அதைவிட மோசம். அது முழுக்க அவிழ்ந்த நூல்தான்.

நூலே இல்லாதபோதும் லேத் தனக்கான நூலைத் தானே தயாரித்துக்கொள்ளும். மைல்ட் ஸ்டீலையோ அலுமினியத்தையோ மெல்லிய ஃபீடில் கடைந்தால், சுருள் அறாமல் முழக்கணக்கில் நீண்டு ஜாபில் சுற்றிக்கொள்ளும். சூடானது, ஓரம் கத்தி போன்றது. அதைக் கையால் இழுக்கவே கூடாது. இயந்திரத்தை நிறுத்திக் கொக்கியால் எடுக்க வேண்டும். அதைவிட, சுருள் உருவாகாமல் செய்வது மேல்: ஃபீடைக் கொஞ்சம் கூட்டினால் சுருள் தடித்து, வளைய முடியாமல் துண்டு துண்டாக உடையும். வார்ப்பிரும்பில் இந்தத் தொல்லை இல்லை, அது பொடியாகத்தான் விழும்.

கேட்ட வாசகருக்குக் கையுறை அறவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மோட்டார் நின்ற பின் சக் மாற்றவும், சுருளை அள்ளவும் தோல் கையுறை நல்லது. அதை மாட்டி வைக்கும் ஆணியை ஸ்டார்ட் பொத்தானிலிருந்து நாலு எட்டு தள்ளி அடியுங்கள். சாவியைச் சக்கிலேயே மறந்துவிட்டு இயந்திரத்தை ஓட்டிவிடாதபடி, சக் சாவிக்கு ஒரு தாங்கி செய்து, அதில் சிறு சுவிட்ச் ஒன்றை வையுங்கள். சாவி தாங்கியில் உட்கார்ந்தால்தான் மோட்டாருக்கு மின்சாரம் போக வேண்டும். எலெக்ட்ரீஷியனுக்கு அது அரை நாள் வேலை.