கையை விடு, கம்பை அடி
(தொடர் – 9)

சென்ற வாரம் பிலிப்பைன்ஸின் செபு நகரில் உள்ள பழைய கம்புச்சண்டைக் கூடங்களைப் பார்த்தோம். அங்கே பயின்றவர்களுக்கு விரல் முட்டி வீங்குவது அன்றாடக் கதை. ஆயுதம் பிடித்த கையை அடி, கை செயலிழந்தால் ஆயுதம் தானாக விழும்: ஆர்னிஸ், எஸ்க்ரிமா, காளி என்று பல பெயர்களில் வழங்கும் இந்தக் கலையின் அடிப்படைச் சூத்திரம் இதுதான். சண்டைக்களத்துக்கு அருமையான சூத்திரம். பயிற்சிக்கூடத்திலோ அதுவே மாணவர்களை விரட்டியது. கட்டுப்போட்ட விரலோடு வீட்டுக்குப் போன பையன் மறுவாரம் வரவில்லை. ஜூடோவோ கராத்தேயோ கற்கப் போய்விட்டான்.

இதைக் கண்டு வருந்தி மாற்று வழி தேடியவர் ரெமி பிரெசாஸ். 1936-இல் நீக்ரோஸ் தீவின் ஹினிகரானில் பிறந்தவர். தாத்தா லியோனிடம் கம்பு பிடிக்கக் கற்றார். பிறகு செபுவுக்குப் போய், அன்சியோங் பேக்கனின் பாலிண்டவாக் முறையைப் பயின்றார். ஜூடோவும் கராத்தேயும்கூடக் கற்றவர் என்பதால், அந்தக் கூடங்களின் சீருடையும் பெல்ட்டும் இளைஞர்களை எப்படி இழுக்கின்றன என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அவர் செய்த மாற்றம் கேட்பதற்கு மிகச் சின்னது. கையை அடிக்காதே, கம்பை அடி. சுமார் 28 அங்குலப் பிரம்பு, அதை வீச 12 வகை அடிகள். கடைசி அடி உச்சந்தலைக்கு. ஒருவர் வீச, மற்றவர் பிரம்பால் தடுத்து, இடக்கையால் எதிராளியின் மணிக்கட்டையோ கம்பையோ அமுக்கிவிட்டு உடனே திருப்பி அடிக்கிறார். அதை முதலாமவர் தடுத்து அடிக்கிறார். அறுபடாமல் ஓடும் இந்த விளையாட்டின் உச்சநிலைக்கு டாபி-டாபி என்று பெயர். வலிக்கும் என்ற பயம் போனதும் மாணவனுக்குக் கண் திறக்கிறது. அடி வருமுன் திரும்பும் தோள் தெரிகிறது, கால் மாறுவது தெரிகிறது.

கம்பைத் தட்டிப் பழகியவன் நிஜச் சண்டையிலும் கம்பையே தேடுவான் என்று பழைய முறைக்காரர்கள் குறை சொன்னார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் தூரத்தையும் நேரத்தையும் கம்பின்மேல் கற்றவன், இலக்கை ஒரு சாண் தள்ளிக் கைக்கு மாற்றிக்கொள்ளலாம். விரல் உடைந்து கலையையே விட்டவனுக்கு அந்த வாய்ப்பே இல்லை. என் மனம் பிரெசாஸ் பக்கம்தான்.

1970களின் நடுவில், அதிபர் மார்க்கோஸின் ராணுவச் சட்டக் காலத்தில், பிரெசாஸ் அமெரிக்கா போனார். ஊர் ஊராகப் பயணம் செய்து வகுப்புகளும் முகாம்களும் நடத்தினார். கராத்தேக்காரரிடம் கராத்தேயை விட்டுவிடச் சொல்லவில்லை. அவருக்குப் பழகிய அசைவுக்குள்ளேயே ஆர்னிஸ் இருப்பதைக் காட்டினார். இப்படித்தான் மற்றக் கலைகளின் கூடங்களுக்குள்ளும் பிரம்பு நுழைந்தது.

2001 ஆகஸ்ட் 28 அன்று, கனடாவின் விக்டோரியா நகரில், மூளைப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. மாணவர்கள் பல அமைப்புகளாகப் பிரிந்தார்கள். அந்தப் பூசல்களுக்குள் நாம் போக வேண்டாம். 2009 டிசம்பரில் ஆர்னிஸ் பிலிப்பைன்ஸின் தேசியத் தற்காப்புக் கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. இன்று அங்கே பள்ளிப் பிள்ளைகள் உடற்கல்வி வகுப்பில் கம்பு பிடிக்கிறார்கள். விரலைப் பதம்பார்க்கும் பழைய பயிற்சியே நீடித்திருந்தால் எந்தத் தாய் தன் பிள்ளையை அனுப்பியிருப்பாள்?

அடுத்த வாரம் கலிபோர்னியாவின் ஸ்டாக்டனுக்குப் போவோம். அஸ்பாரகஸ் வயல்களில் கூலிவேலை பார்த்த ஏஞ்சல் கபாலெஸ், 1960களில் எஸ்க்ரிமாவின் கதவை எல்லாருக்கும் திறந்துவிட்ட ஊர் அது.