பூட்ஸ் வாங்கப் போன மாமனார்

"தாத்தா, இந்தப் பூஜா லீவுக்குள்ளே எனக்கு ஒரு வேடர்ஸ் வாங்கித் தரணும்" என்று பன்னிரண்டு வயதுப் பேத்தி கேட்டபோது, என் சகதர்மிணி கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டாள். "வேடரா? கண்ணப்ப நாயனார் நாடகம் ஏதாவது போடப் போறாளா?" என்றாள்.

நாடகம் இல்லை. வேடர்ஸ் என்பது தூண்டில்காரர்கள் ஆற்றில் இறங்கி நிற்பதற்காக அணியும் நீர் புகாத கால்சட்டை. பாதத்திலிருந்து இடுப்பு வரை, அல்லது மார்பு வரை வரும். எங்கள் மாப்பிள்ளை வங்காளி. அவருக்குத் தூண்டில் என்றால் உயிர். கல்யாணத்தின்போது அவர்கள் வீட்டுச் சீர்த் தட்டில் மூக்குத்தியும் சிவப்புத் துணியுமாக மணப்பெண் போல அலங்கரித்த ரோகு மீன் ஒன்று வந்தது. அதை எந்த அறையில் வைப்பது என்று தெரியாமல் எங்கள் சைவக் குடும்பம் தவித்த தவிப்பை லேக் மார்க்கெட் நண்பர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பேத்திக்கு நிறம் எங்கள் பக்கம், தூண்டில் ஆசை அவர்கள் பக்கம்.

கேட்டது சின்னப் பொருள்தான். ஆனால் அதைக் கேட்டதும் வீடு நிசப்தமானதற்குக் காரணம் உண்டு.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பூஜை விடுமுறையில் குடும்பத்தோடு இமாசலப் பிரதேசத்தில் தீர்த்தன் நதிப் பக்கம் போயிருந்தோம். டிரவுட் மீனுக்குப் பெயர் பெற்ற பனிநீர் ஆறு. அங்கே மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் தூண்டில் போடக் கூடாது. நவம்பர் முதல் பிப்ரவரி முடிய மீன் இனப்பெருக்கக் காலம் என்று தடை வேறு. எனவே அக்டோபர் கடைசிக்குள் போனால்தான் உண்டு. மாப்பிள்ளை நண்பர் ஒருவரிடம் மார்பளவு வேடர்ஸை இரவல் வாங்கி வந்திருந்தார். நண்பர் ஆறடி உயரம், மாப்பிள்ளை ஐந்தரை அடி. இடுப்புக்குப் பெல்ட் இல்லை. பூட்ஸின் அடிப்பாகம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது.

தொடையளவு தண்ணீரில் பாசி படிந்த ஒரு பாறையில் கால் வைத்தார். வழுக்கியது. உட்கார்ந்த நிலையில் விழுந்ததும் மேல் வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. உடன் வந்த உள்ளூர் வழிகாட்டி பாய்ந்து சென்று அவருடைய தோள்பட்டையைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தார். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள். நான் கரையில் பேத்தியின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தேன். அந்தக் கை நடுங்கியதா, என் கை நடுங்கியதா என்று இன்றும் எனக்குத் தெரியாது. "இனிமேல் ஆறு, மீன் என்ற பேச்சே வேண்டாம்" என்று என் மகள் அன்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அந்தத் தீர்ப்பின் மேல்தான் பேத்தி இப்போது மேல்முறையீடு செய்திருக்கிறாள், அதுவும் என்னிடம்! தடுப்பதைவிடத் தெரிந்துகொண்டு அனுமதிப்பது நல்லது என்று தோன்றியது. ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? விசாரிக்க இறங்கினேன். நம் சங்கக் குடும்பங்களிலும் வங்காளி நண்பர்களோடு சேர்ந்து தூண்டில் பிடிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் இருப்பதால், தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வி: எந்தத் தண்ணீர்?

நாங்கள் இருப்பது அலிப்பூரில். தேசிய நூலகம் நடை தூரம். தூண்டில் பற்றிய பழைய நூல்களைத் தேடியபோது ஒரு சுவையான விஷயம் தெரிந்தது. இந்தியத் தூண்டில்காரர்கள் இன்றும் பெயர் சொல்லும் 'தி ராட் இன் இந்தியா' என்ற நூலை 1873-இல் எழுதிய ஹென்றி சலிவன் தாமஸ், நம் சென்னை மாகாண சிவில் சர்வீஸைச் சேர்ந்தவர். அவரே பின்னர் குளத்தில் தூண்டில் போடுவதற்கென்று தனியாக இன்னொரு நூலும் எழுதினார். ஆறு வேறு, குளம் வேறு என்பது அப்போதே தெரிந்த பாடம்.

கல்கத்தாவில் தூண்டில் என்றால் பெரும்பாலும் குளம்தான். சீட்டு வாங்கிக்கொண்டு, குடையை விரித்து, கடுகுப் பிண்ணாக்கு கலந்த இரை உருண்டையைத் தண்ணீரில் போட்டுவிட்டு மிதவையைப் பார்த்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீரில் இறங்கும் வேலையே கிடையாது. இதற்கு வேடர்ஸ் வாங்குவது, மொட்டை மாடிக்குப் போக மலையேறும் கயிறு வாங்குவது போல. முழங்கால் அளவு ரப்பர் பூட்ஸ், அதாவது நாம் கம்பூட்ஸ் என்கிறோமே, அதுவே போதும். சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும். குளக்கரைச் சேற்றில் ஒரு எச்சரிக்கை: தொளதொளத்த கம்பூட்ஸைச் சேறு கவ்விக்கொண்டால் கால் மட்டும் வெளியே வரும், பூட்ஸ் வராது. ஆகவே குதிகாலில் பிடிப்பாக இருக்க வேண்டும்.

பனிநீர் ஆற்றில் இறங்குவதானால்தான் வேடர்ஸ் பேச்சு. இமயமலை ஆறுகள் மட்டுமல்ல, நம் நீலகிரியிலும் டிரவுட் உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் என்பவரின் முயற்சியால் அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிப்பகம் அமைந்து, அங்கிருந்து மலை ஓடைகளில் டிரவுட் விடப்பட்டது. ஊருக்குப் போகும்போது ஊட்டிப் பக்கம் தூண்டில் போட நினைப்பவர்களும் இதைக் கவனிக்கலாம்.

விலைக்கேற்ற வகை

வேடர்ஸில் மூன்று தரம் என்று வைத்துக்கொள்ளலாம். முதலாவது, பிவிசி பூசிய துணியில் கம்பூட்ஸை ஒட்டியே செய்தது. குளம் தூர்வாருபவர்களும் மீன் பண்ணையாட்களும் அணிவது இதுதான். தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாதனங்கள் விற்கும் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். குறை என்னவென்றால், உள்ளே வியர்த்துக் கொட்டும். இரண்டாவது, நியோப்ரீன் என்னும் ரப்பர் நுரையால் ஆனது. குளிருக்குக் கதகதப்பு, வெயிலில் போட்டால் இட்லிப் பானைக்குள் நிற்பது போலிருக்கும். மூன்றாவது, வியர்வை ஆவியை வெளியே விட்டுத் தண்ணீரை உள்ளே விடாத துணி. சுகமானது, விலை பத்தாயிரத்தைத் தாண்டி எங்கேயோ போகும். அதற்குத் தனியாகப் பூட்ஸும் வாங்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை ஆற்றில் நிற்கப் போகிற தொடக்கக்காரருக்கு முதல் வகையே தாராளம். மேல்துணியில் சிக்கனம் செய்யலாம். சிக்கனம் செய்யக் கூடாத இடங்கள் இரண்டு: அடிப்பாகமும் இடுப்பும். எங்கள் மாப்பிள்ளையை வீழ்த்தியவை அந்த இரண்டும்தான்.

காலடி

பாசிப் பாறையில் நன்றாகப் பிடிப்பது கம்பளி போன்ற ஃபெல்ட் அடிப்பாகம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தக் கம்பளி ஈரத்தை விடாமல் வைத்திருப்பதால், ஓர் ஆற்றின் பாசியையும் நுண்ணுயிர்களையும் இன்னோர் ஆற்றுக்குச் சுமந்து செல்லும். 2004-இல் டிடிமோ என்னும் பாசி நியூசிலாந்து ஆறுகளில் கண்டுபிடிக்கப்பட்டுப் பெரும் தொல்லையானதால், 2008-இல் அந்த நாடு தூண்டில்காரர்களின் ஃபெல்ட் பூட்ஸுக்குத் தடையே விதித்தது. அங்கே பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்மவர்கள் பெட்டியில் எடுத்துப் போய்விட வேண்டாம்! சேற்றிலும் ஈரப் புல்லிலும் ஃபெல்ட் வழுக்கவும் செய்யும். ஆழமான வெட்டுகள் கொண்ட மிருதுவான ரப்பர் அடிப்பாகமே தொடக்கக்காரருக்குப் பொது மருந்து. கடையில் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி கடினமாக இருந்தால் அது பாறையில் வழுக்கும். சற்று அமுங்கினால் பிடிக்கும்.

இடுப்பு

வேடர்ஸுக்குள் தண்ணீர் புகுந்தால் கல்லைக் கட்டியது போல ஆளை அடியில் இழுத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது அப்படியல்ல. தண்ணீருக்குள் தண்ணீருக்குக் கனம் கிடையாது. கரையேறும்போதுதான் அத்தனை கனமும் தெரியும். மேலும் தொளதொளத்த கால்சட்டையை ஓடும் நீர் பாய்மரம் போலப் பிடித்துத் தள்ளும், காலைத் திருப்ப விடாது. இடுப்பில் ஒரு பெல்ட்டை இறுக்கிக் கட்டினால், விழுந்தாலும் உள்ளே புகும் தண்ணீர் வெகுவாகக் குறையும். நூறு இருநூறு ரூபாய்ச் சாமான்! அது இல்லாமல்தான் எங்கள் வீட்டுப் பிள்ளை தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்.

விழுந்துவிட்டால் உடனே எழுந்து நிற்கப் போராடக் கூடாது. மல்லாந்து, கால்களை நீரோட்டம் போகும் திசையில் நீட்டி மிதந்து, தண்ணீர் குறைந்த இடம் வந்ததும் கரைப் பக்கம் ஒதுங்க வேண்டும். நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நகர்த்த வேண்டும். கையில் ஒரு மூங்கில் கழி மூன்றாவது கால்.

அளவும் பராமரிப்பும்

தடித்த காலுறையைப் போட்டுக்கொண்டு மாலை நேரத்தில் கடைக்குப் போங்கள். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். காலையில் பொருந்தும் பூட்ஸ் மாலையில் கடிக்கும். போட்டுப் பார்த்து ஒருமுறை குந்தி உட்காருங்கள், ஒரு ஸ்டூல் மேல் கால் வையுங்கள். கவட்டில் இழுத்தால் அங்கேதான் முதலில் தையல் விடும்.

கல்கத்தாவின் ஈரக் காற்றில் எதுவும் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். வெயிலில் போட்டால் பிவிசி விறைத்து வெடிக்கும். ஓட்டை தேட, இருட்டறையில் உள்ளே டார்ச் அடித்தால் போதும், ஒளி கசியும் இடம்தான் ஓட்டை. ரப்பருக்குச் சைக்கிள் கடைப் பஞ்சர் பசை பிடிக்கும். பிவிசிக்கு அது நிற்காது, அதற்கென்று உள்ள வினைல் பசைதான் வேண்டும்.

ஊருக்குள்ளும் இதே பூட்ஸ்

"மீனே வேண்டாம், எங்களுக்கு எதற்கு இந்த உபதேசம்?" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1978 ஜூனில் நான் கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்தேன். அந்தச் செப்டம்பர் வெள்ளத்தில், சம்பளப் பணத்தில் நான் வாங்கிய முதல் பெரிய சாமான் ஒரு ஜோடி கம்பூட்ஸ்! 1930-களிலிருந்து பாட்டாநகரில் செருப்புத் தொழிற்சாலை நடக்கும் ஊர் அல்லவா இது? சாலைத் தண்ணீரில் உடைந்த கண்ணாடியும் எலிக் காய்ச்சல் கிருமியும் இருக்கும்; பூட்ஸ் அவற்றிலிருந்து காக்கும். ஆனால் மின்சாரத்திலிருந்து காக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 2025 செப்டம்பர் 23 அன்று ஒரே இரவில் 250 மில்லிமீட்டர் அளவில் மழை கொட்டியபோது, தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து பலர் உயிரிழந்தார்கள். கம்பூட்ஸின் வாய்க்கு மேல் தண்ணீர் ஏறினாலோ, ஈரக் கை விளக்குக் கம்பத்தில் பட்டாலோ ரப்பரால் பயனில்லை. அந்த மாதிரி நாளில் சிறந்த பூட்ஸ், வீட்டு வாசற்படிதான்.

பேத்திக்கு என்ன வாங்கினேன்?

வேடர்ஸ் வாங்கவில்லை. வளரும் பிள்ளைக்கு இந்த ஆண்டு வாங்கும் வேடர்ஸ் அடுத்த ஆண்டு பற்றாது. அதைவிட, அது உடம்பில் இருந்தாலே ஆழத்துக்குப் போகலாம் என்ற தைரியம் வந்துவிடும். மிருதுவான அடிப்பாகம் உள்ள ஒரு ஜோடி கம்பூட்ஸ், அவள் அளவுக்கு ஒரு மிதவைச் சட்டை, ஒரு மூங்கில் கழி. அத்தோடு ஒரு சட்டம்: பூட்ஸின் பாதி உயரத்துக்கு மேல் தண்ணீர் ஏறும் இடத்தில் கால் வைக்கக் கூடாது, அப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்குச் சொந்த அளவில் ஒரு பிவிசி வேடர்ஸ், பெல்ட்டோடு. பெல்ட்டை நானே கட்டிப் பார்த்தேன். "மாப்பிள்ளை, மூச்சு விட முடியறதா?" என்றேன். "முடியறது பாபா" என்றார் சிரித்துக்கொண்டே.

மகள் எல்லாவற்றையும் ஒரு மூலையில் நின்று பார்த்தாள். கம்பூட்ஸைக் கையில் எடுத்து, அடிப்பாகத்தைக் கட்டை விரலால் ஒருமுறை அழுத்தினாள். அமுங்கியது. "சரி, போயிட்டு வாங்கோ. நானும் வரேன்" என்றாள்.

பிடிக்கிற மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது என் சகதர்மிணியின் நிபந்தனை. பேத்தி அதற்கும் ஒப்புக்கொண்டுவிட்டாள்.