‘விவ’ என்றால் விருத்தாசலம் வட்டம்

பட்டா மாறுதலோ வாரிசுச் சான்றோ, விருத்தாசலம் டிடிபி கடையில் எந்த மனுவை அடித்தாலும் பாதி வாசகம் ஒன்றுதான். ‘விருத்தாசலம் வட்டம், கடலூர் மாவட்டம்’, ‘தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று நாள் முழுக்க எழுத்தெழுத்தாகத் தட்டினால் அடிப்பவருக்கு விரல் வலி, மனு கொடுக்க வந்தவருக்குக் காத்திருப்பு.

பழைய மனுவைத் திறந்து பெயரை மட்டும் மாற்றும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. முந்தையவரின் சர்வே எண் ஓரிடத்தில் தங்கிவிட்டாலும், அலையப்போவது மனுதாரர்தான். மாறாத வாசகத்தை மட்டும் சுருக்கமாகச் சேமித்துக்கொள்வதே நல்லது.

வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போங்கள். ‘ரீப்ளேஸ்’ கட்டத்தில் ‘விவ’. ‘வித்’ கட்டத்தில் முழு வாசகம். ‘ஆட்’ அழுத்திவிட்டால், பிறகு ‘விவ’ அடித்து ஸ்பேஸ் பாரைத் தட்டியதும் முழுசும் வந்து விழும். பட்டியலை வேர்ட் மொழிவாரியாக வைத்திருப்பதால், கர்சரைத் தமிழ் வரியில் நிறுத்திவிட்டுத் திறக்க வேண்டும். ‘மனு’ போல அன்றாடம் புழங்கும் சொல்லைச் சுருக்கமாக வைக்கவே கூடாது; அந்தச் சொல் வருமிடமெல்லாம் மொத்த வாசகமும் புகுந்துவிடும். ஆதார் எண், கைபேசி எண்ணைப் பொதுக் கணினியில் இப்படிச் சேமிப்பதும் தவறு.

ஆட்டோகரெக்ட் என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. வாக்கியத்தின் முதலெழுத்தை வேர்ட் பெரிய எழுத்தாக்கியதும் தமிழ் எழுத்தே வேறாகிவிடும். அந்தக் கோபத்தில் வசதி முழுவதையும் அணைத்துவிடுகிறார்கள். முதலெழுத்தை மாற்றும் டிக்கை மட்டும் எடுத்தால் போதும்.

சுருக்கம் நமக்குப் புதிதல்ல. கணக்கிலும் பத்திரத்திலும் ‘மேற்படி’க்கு ௸, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵ என்று ஒற்றைக் குறியில் முடித்தவர்கள் நம் முன்னோர். 1999-ல் சென்னை தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையிலும் அதே சிக்கனம் உண்டு: ‘விருத்தாசலம்’ அடிக்கும்போது த, த, ஆ தட்டினால் ‘த்தா’, புள்ளி தானே விழுகிறது.

டிடிபி கடைக்கு மட்டுமல்ல, ஊரின் பீங்கான் பட்டறைக்காரர்களுக்கும் இந்தச் சுருக்கம் உதவும்; அவர்களுக்குக் கணினியே வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் ஜிபோர்டு அமைப்புகளில் ‘பெர்சனல் டிக்‌ஷனரி’ இருக்கிறது. ‘சரக்கு அனுப்பிவிட்டோம், உடையாமல் வந்ததா பார்த்துச் சொல்லுங்கள்’ என்பதை அதில் ‘சஅ’ என்று போட்டு வைத்தால், அடுத்த முறை ‘சஅ’ அடித்ததும் விசைப்பலகைக்கு மேலே முழு வரியும் தெரியும், தொட்டு அனுப்பலாம்.