படிக்காத இணைப்புகளின் குவியல்

இணையத்தில் படிக்க வேண்டியவை, படித்து முடிக்கும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சேர்கின்றன. ஒருவர் சமூக ஊடகத்தில் 200 பேரைப் பின்தொடர்கிறார், அவர்கள் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து பதிவு போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,000 பதிவுகள். ஒவ்வொன்றையும் 10 விநாடி மேய்ந்தாலே இரண்டே முக்கால் மணி நேரம் போய்விடும். அவற்றில் சுட்டி கொடுத்திருக்கும் கட்டுரைகளைத் திறந்து படிக்கும் நேரம் இந்தக் கணக்கில் சேரவில்லை. வாட்ஸ்அப் குழுக்களுக்குத் தனிக் கணக்கு.

இந்தத் திணறல் இணையத்தோடு பிறந்ததல்ல. தகவல் சுமை என்ற கருத்தை ஆல்வின் டாஃப்லர் 1970-ல் வெளிவந்த 'ஃபியூச்சர் ஷாக்' நூல் வழியே பரவலாக்கினார். பின்னாளில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், தகவல் பெருகப் பெருக மனிதரின் கவனம் அருகிப்போகும் என்று 1971-ல் வெளியான கட்டுரையில் விளக்கினார். 2008-ல் எழுத்தாளர் கிளே ஷர்கி இன்னும் ஒரு படி மேலே போனார். அவர் பார்வையில், தகவல் அதிகமானது புதுச் செய்தியே அல்ல. சல்லடை கிழிந்ததுதான் சிக்கல். அச்சுக் காலத்தில் ஒரு நூலை வெளியிட முதல் போட வேண்டியிருந்தது. நட்டத்துக்கு அஞ்சிய பதிப்பாளர் முன்கூட்டியே பலவற்றைக் கழித்துவிட்டார். இணையத்தில் வெளியிட ஏறக்குறையச் செலவே இல்லை. அதனால் கழிக்கும் வேலை வாசகர் தலையில் விழுந்தது.

முதலில் வந்த தீர்வு ஓடை. பல தளங்களின் புதிய இடுகைகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஆர்.எஸ்.எஸ். நுட்பம் 1999-ல் தோன்றியது. தமிழில் இதே தேவைக்காக 2004-ல் தமிழ்மணம் திரட்டி வந்தது. 2005-ல் கூகுள் ரீடர் வந்ததும் இந்தப் பழக்கம் பலருக்கும் தொற்றியது. ஆனால் அது படிக்காதவற்றை மின்னஞ்சல்போல எண்ணிக் காட்டியது. நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் '1000+' என்று நிற்கும். படிக்க வந்தவர் கடன் அடைக்க வந்தவரைப்போல உணர்ந்தார்.

சமூக ஊடகம் இங்கேதான் உண்மையான உதவி செய்தது. தளங்களைப் பின்தொடர்வதை விட்டு, அவற்றைப் படிப்பவர்களைப் பின்தொடரலாம் என்ற வழியை அது திறந்தது. கல்வெட்டியலில் ஆர்வமுள்ள ஒருவர் ஒவ்வொரு அகழாய்வு அறிக்கையையும் தேடி அலைய வேண்டியதில்லை. அத்துறையில் ஊறிய பத்துப் பேரைத் தெரிந்துகொண்டால் போதும். முக்கியமானது எதுவானாலும் அவர்களில் மூன்று பேராவது அதைப் பற்றிப் பேசிவிடுவார்கள்.

ட்விட்டர் 2009-ல் கொண்டுவந்த 'லிஸ்ட்' வசதி இதற்கென்றே அமைந்தது போன்றது. இன்று எக்ஸ் என்று பெயர் மாறிய பிறகும் அது இருக்கிறது. புதிய பட்டியல் ஒன்றைத் தொடங்கி, 'கல்வெட்டு' என்று பெயரிட்டு, பிறர் பார்க்காதபடி பூட்டிவிட்டு, அந்தப் பத்துப் பேரைச் சேர்த்தால் முடிந்தது. அவர்களைப் பின்தொடரக்கூட வேண்டாம். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை அந்தப் பட்டியலை மட்டும் திறந்தால் கால் மணி நேரத்தில் அன்றைய செய்தி கைக்கு வந்துவிடும். முகநூலிலும் 30 பேர் வரை 'ஃபேவரிட்ஸ்' என்று குறித்துக்கொள்ளலாம்.

யாரைச் சேர்ப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். ஒரு கட்டுரையைப் பகிரும்போது அதில் என்ன இருக்கிறது என்று சொந்தமாக ஒரு வரியாவது எழுதுபவர் நல்ல சல்லடை. தலைப்பை மட்டும் தள்ளிவிடுபவர் சுமையைக் கூட்டுபவர். படிக்காமலே பகிர்வது எந்த அளவுக்குப் பரவியது என்றால், கட்டுரையைத் திறக்காமல் பகிர முயல்பவரிடம் முதலில் படிக்கிறீர்களா என்று கேட்கும் முறையை 2020-ல் ட்விட்டர் சோதிக்க வேண்டிவந்தது. வாட்ஸ்அப் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி இந்தியாவில் 2018-லேயே வரம்பு வைத்தது. வதந்திகளால் உயிர்கள் பறிபோன பிறகு எடுத்த நடவடிக்கை அது.

சல்லடையாக வந்த சமூக ஊடகமே வெள்ளமாகவும் மாறியது. நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. முகநூலின் ஓடைக்கு இல்லை. முடிவில்லாமல் உருண்டுகொண்டே போகும் பக்கத்தை 2006-ல் வடிவமைத்தவர் ஏஸா ராஸ்கின். அதன் விளைவைக் கண்டு பின்னாளில் அவரே வெளிப்படையாக வருந்தினார். 2016-ல் ட்விட்டரும் கால வரிசையைக் கலைத்து, எதை மேலே காட்டுவது என்று நிரலே முடிவுசெய்யும் முறைக்கு மாறியது. அந்த நிரல் வாசகரின் தேவையை அளப்பதில்லை, அவர் எதில் ஈடுபடுவார் என்பதைத்தான் முதன்மையாகக் கவனிக்கிறது. ஆகவே முகப்பு ஓடையில் நுழையாமல் நேரே பட்டியலுக்குப் போவது வெறும் வசதி அல்ல, தற்காப்பு.

கண்டெடுப்பதையும் படிப்பதையும் பிரித்து வைப்பது அடுத்த வழி. பின்னர் 'பாக்கெட்' ஆன 'ரீட் இட் லேட்டர்' 2007-லும், 'இன்ஸ்டாபேப்பர்' 2008-லும் இதற்காகவே வந்தன. பேருந்தில் கண்ணில் பட்ட நெடுங்கட்டுரையைச் சேமித்து வைத்துவிட்டு, ஞாயிறு மாலை விளம்பரத் தொந்தரவு இல்லாமல் படிக்கலாம். சேமித்தாலே படித்தது போன்ற நிறைவு வந்துவிடுவது இதிலுள்ள ஆபத்து. சேமிக்கும்போதே ஏன் சேமிக்கிறோம் என்று நான்கு சொல் குறித்து வைப்பது நல்லது. அந்த நான்கு சொல் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கட்டுரை தேவையில்லை. ஒரு மாதமாகத் தொடாததைத் தயங்காமல் நீக்கிவிடலாம். முக்கியமானதாக இருந்தால் யாராவது ஒருவர் மீண்டும் பேசுவார்.

எந்தச் சேவையையும் பெட்டகமாக நம்புவதற்கில்லை. கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. பாக்கெட் 2025 ஜூலை 8 அன்று நிறுத்தப்பட்டது. பல ஆண்டுகளாகச் சேர்த்த பட்டியலைத் தரவிறக்கிக்கொள்ளச் சில மாத அவகாசமே கிடைத்தது. மறுபடி தேவைப்படும் என்று தோன்றும் கட்டுரையை இன்றே ஒரு நகலெடுத்துச் சொந்தக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.